சம்பளம் வரவில்லை என்று பெட்டியைக் கட்டாதீர்கள்: கால்பந்து வீரர்கள் செய்யும் தவறுகள்

போன வருடம் ஒரு நாள், காலைப் பயிற்சி முடிந்து பந்துகளை வலைப்பையில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. வெளிமாநிலத்தில் ஒரு கிளப்பில் ஆடும் எங்கள் ஊர்ப் பையன். "அண்ணே, நான் கிளம்பிட்டேன். ரெண்டரை மாசமா சம்பளம் இல்லை, மேட்ச்லயும் இறக்கல. விஜயவாடா தாண்டிட்டேன்" என்றான். பின்னால் ரயில் ஓடும் சத்தம் கேட்டது.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இருபத்துநான்கு வயதில் நானும் இதே கோபத்தோடு, இதே திசையில் ஒரு ரயிலில் வந்தவன்தான்.

குமரி மாவட்டத் தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் இருந்து சந்தோஷ் டிராபி, ஐ-லீக், ஐஎஸ்எல் என்று ஆடப் போன பிள்ளைகள் நிறைய. யாருக்காவது கிளப்போடு மனக்கசப்பு வந்தால் இப்போதெல்லாம் எனக்குப் போன் வரும். ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு, ஒரு நகலை வாங்கி வைத்துக்கொள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். கையெழுத்துப் போட்ட பிறகு, அணியும் பிடிக்காமல் ஒப்பந்தமும் கசந்துபோன நிலையில், நல்ல பிள்ளைகளே செய்யும் தவறுகளைத்தான் சொல்கிறேன்.

கேம்பை விட்டுக் கிளம்புவது

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதம் நாற்பதாயிரம் சம்பளம். மூன்று மாத பாக்கி, ஒரு லட்சத்து இருபதாயிரம். ஒப்பந்தத்தில் இன்னும் பதினான்கு மாதம் மீதி இருந்தது. கேட்கும்போதெல்லாம் "அடுத்த வாரம் வந்துரும்" என்பார் மேனேஜர். ஒருநாள் மெஸ்ஸில் சாப்பாடும் குறைந்தது. அன்று ராத்திரியே பூட்ஸை ஒரு துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். மேனேஜர் அறைக் கதவைத் தட்டி, "நான் போறேன் சார்" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

ஒன்பதாவது நாள் பதிவுத் தபால் வந்தது. அம்மாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். கிளப்பில் இருந்து வந்ததால் சம்பளக் காசோலை என்று நினைத்து, உறையைக் கிழிக்காமல் மாதா படத்துக்குக் கீழே வைத்திருந்தாள். உள்ளே ஒரே பக்கம். "அனுமதியின்றி முகாமை விட்டு வெளியேறியதால் ஒப்பந்தத்தை மீறியுள்ளீர்கள்." என் சம்பள பாக்கியைப் பற்றி அதில் ஒரு வரி கூட இல்லை.

வக்கீல் ஒருவரிடம் போனேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "சம்பளம் வரலைன்னு எங்கேயாவது எழுதிக் கேட்டிருக்கியா தம்பி?" இல்லை. ஒரு மெயில் இல்லை, ஒரு மெசேஜ் இல்லை. பணம் தராத கிளப்பின் தவறுக்குக் காகிதமே கிடையாது. நான் ரயில் ஏறிய தவறுக்கு மட்டும் தேதி போட்டு, முத்திரை குத்திய காகிதம் இருந்தது. வேறு ஒரு கிளப் கூப்பிட்டது, ஆனால் பழைய கிளப் என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லை என்ற சான்று, தரவில்லை. ஒரு சீசன் முழுக்க வீட்டில் இருந்தேன். கடைசியில் மூன்று மாத பாக்கியையும் விட்டுக்கொடுத்து எழுதித் தந்த பிறகுதான் என்னை விட்டார்கள். அந்த ஒன்று இருபதை நினைத்து இப்போது வருத்தமில்லை. இருபத்துநான்கு வயதில் போன அந்தச் சீசனை நினைத்தால் இன்றும் எரிகிறது. அதே தவறை இன்னொரு பிள்ளை செய்யும்போது அதைவிட அதிகமாக எரிகிறது.

சரி, என்ன செய்திருக்க வேண்டும்? ஃபிஃபாவின் வீரர் பதிவு, இடமாற்ற விதிகளில் 14-ஆம் பிரிவுக்குத் துணையாக 2018-ல் ஒரு விதி சேர்த்தார்கள். கிளப் குறைந்தது இரண்டு மாதச் சம்பளத்தை உரிய தேதியில் தராமல் வைத்திருந்தால், வீரர் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பாக்கியை முழுதாகத் தீர்க்கக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்குள்ளும் வரவில்லை என்றால், நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்ததாகக் கருதப்படும். இரண்டு மாதம், ஒரு கடிதம், பதினைந்து நாள். இந்த மூன்றில் எங்கள் பிள்ளைகள் தவறவிடுவது எப்போதும் நடுவில் உள்ளதைத்தான்.

கடிதம் பெரிதாக இருக்க வேண்டாம். எந்தெந்த மாதச் சம்பளம், எவ்வளவு, ஒப்பந்தப்படி எந்தத் தேதியில் வந்திருக்க வேண்டும், எந்த வங்கிக் கணக்கில் போட வேண்டும், எந்தத் தேதிக்குள். இவ்வளவு போதும். மேனேஜரின் வாட்ஸ்அப்புக்கு மட்டும் அனுப்பி நிறுத்தாதீர்கள். ஒப்பந்தத்தில் கிளப்பின் முகவரி, மெயில் என்று எது இருக்கிறதோ அதற்கு அனுப்புங்கள். கோபம், கோச் மேல் உள்ள வருத்தம், மெஸ் சாப்பாடு எதுவும் அதில் வரக்கூடாது. அனுப்புவதற்கு முன் வீரர் சங்கத்திலோ விஷயம் தெரிந்த வக்கீலிடமோ காட்டிவிடுங்கள். இந்திய வீரருக்கும் இந்தியக் கிளப்புக்கும் நடக்கும் வழக்கு ஃபிஃபாவுக்குப் போகாது, அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் பிளேயர் ஸ்டேட்டஸ் கமிட்டிக்குத்தான் போகும். அதனால் கூட்டமைப்பின் விதியையும் உங்கள் ஒப்பந்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துதான் எழுத வேண்டும்.

அந்தப் பதினைந்து நாளும் பயிற்சிக்குப் போக வேண்டும். இதுதான் மிகக் கடினம். உங்களைத் தனியாக ஓட விடுவார்கள், ஜிம்மோடு நிறுத்துவார்கள், டீம் மீட்டிங்குக்குக் கூப்பிட மாட்டார்கள். பரவாயில்லை, போங்கள். தானாக ஓடட்டும் என்று வீரரை நெருக்குவதையும் முறைகேடான நடத்தையாக ஃபிஃபா விதி பார்க்கிறது. எந்த நாள், எத்தனை மணிக்குப் போனீர்கள், யார் என்ன சொன்னார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

கிளம்பிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே பார்த்த வழக்கு லசானா டியாராவுடையது. ரியல் மாட்ரிடில் ஆடிய மனிதர். 2013-ல் லோகோமோடிவ் மாஸ்கோவில் நான்கு ஆண்டு ஒப்பந்தம் போட்டார். உறவு கெட்டது, சம்பளக் குறைப்பில் தகராறு வந்தது, வீரரின் நடத்தையைக் காரணம் காட்டி 2014 ஆகஸ்டில் கிளப் ஒப்பந்தத்தை முறித்தது. அவர் கிளப்புக்கு 1.05 கோடி யூரோ தர வேண்டும் என்று தீர்ப்பானது. பெல்ஜியத்தின் ஷார்லெருவா கிளப் அவரை எடுக்க விரும்பியது. ஆனால் அன்றைய விதிப்படி வீரரை எடுக்கும் புதுக் கிளப்பும் அந்த இழப்பீட்டுக்குப் பொறுப்பு. அந்தப் பயத்தில் அந்த வாய்ப்பு கைகூடவில்லை. ஏறக்குறைய ஒரு வருடம் ஆடாமல் இருந்தார்.

2024 அக்டோபர் 4-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், ஃபிஃபாவின் அந்த விதிகளில் சில ஒன்றியத்தின் சட்டத்துக்கு முரண் என்றது. உண்மையிலேயே பெரிய தீர்ப்பு. ஆனால் அது வருவதற்கு ஐந்து வருடம் முன்பே, 2019-ல், டியாரா ஓய்வு பெற்றுவிட்டார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "இனிமே எப்ப வேணும்னாலும் போகலாமாமே அண்ணே" என்று இந்தத் தீர்ப்பைக் காட்டி இரண்டு பையன்கள் என்னிடம் கேட்டார்கள். இல்லை. அதற்குப் பிறகு 2024 டிசம்பரில் ஃபிஃபா கொண்டுவந்த இடைக்கால விதிகளிலும், காரணமில்லாமல் முறித்தால் இழப்பீடு உண்டு.

"சீசன் முடியட்டும், பாத்துக்கலாம்"

வாய்வார்த்தையை நம்பி மோசம் போனவர்களில் சின்ன வீரர்கள் மட்டும் இல்லை. பார்சிலோனாவில் மெஸ்ஸியின் ஒப்பந்தத்தில், சீசன் முடிவில் பணம் எதுவும் கட்டாமல் போகலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. 2020-ல் கொரோனாவால் சீசன் ஆகஸ்ட் வரை இழுத்தது. ஆகஸ்ட் 14-ல் பயர்னிடம் 8-2 தோல்வி. ஆகஸ்ட் 25-ல் போகிறேன் என்று எழுத்தில் அறிவித்தார். கிளப் என்ன சொன்னது தெரியுமா? ஜூன் 10-க்குள் சொல்லியிருக்க வேண்டும், தேதி போய்விட்டது, போவதானால் 70 கோடி யூரோ கட்ட வேண்டும் என்றது. ஸ்பெயின் லீக்கை நடத்தும் லா லிகாவும் கிளப் பக்கம் நின்றது. வருடம் முழுக்கக் கிளப் தலைவரிடம் போக விரும்புவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன், சீசன் முடிவில் நீயே முடிவு செய் என்றார் என்று மெஸ்ஸி பிறகு பேட்டியில் சொன்னார். வாழ்நாள் கிளப்பை நீதிமன்றத்துக்கு இழுக்க மனமில்லாமல் அந்த வருடம் அங்கேயே ஆடினார்.

மெஸ்ஸி ஒரு வருடம் சொன்ன சொல்லே ஒரு தேதிக்கு முன்னால் நிற்கவில்லை. உங்கள் ஒப்பந்தத்தில் எந்தெந்தப் பிரிவுக்குத் தேதி இருக்கிறதோ, அதையெல்லாம் தனியாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மேனேஜரோடு பேசிவிட்டு வந்தால் அன்றைக்கே, "இன்று நாம் பேசியபடி" என்று தொடங்கி நான்கு வரி மெயில் போட்டுவிடுங்கள்.

பெஞ்ச் கணக்கு

ஆட வாய்ப்பே இல்லை என்பதற்கும் ஃபிஃபாவில் விதி உண்டு. பயிற்சிக் காலம் முடிந்து நிலைபெற்ற வீரர் ஒருவர், ஒரு சீசனில் கிளப்பின் அதிகாரபூர்வ ஆட்டங்களில் பத்து சதவீதத்துக்கும் குறைவாகவே ஆடியிருந்தால், அதைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை முன்கூட்டியே முறிக்கலாம். அவருடைய சூழ்நிலையையும் பார்ப்பார்கள். தடை வராது, இழப்பீடு வரலாம். ஆனால் சீசனின் கடைசி ஆட்டம் முடிந்து 15 நாளுக்குள் முறிக்க வேண்டும். ஒரு பையன் சீசன் முழுக்க பெஞ்சில் இருந்துவிட்டு, ஊரில் திருவிழா எல்லாம் பார்த்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து என்னிடம் வந்தான். அடுத்த சீசனும் பெஞ்சில்தான் போனது.

வேறு கிளப்போடு முன்கூட்டிப் பேசுவது

ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதுதான் நீங்களாக இன்னொரு கிளப்போடு ஒப்பந்தம் செய்ய முடியும். அதற்கு முன்னால் ஏஜென்ட் கொண்டுவரும் எந்தத் தாளிலும் கை வைக்காதீர்கள். அதிலும் லோனில், அதாவது தன் கிளப்பில் இருந்து கடனாக வேறு கிளப்புக்குப் போய், இருப்பவர்கள் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும். 2024-ல் அன்வர் அலி விவகாரத்தைப் பார்த்தோம். மோகன் பகானுக்கு லோனில் வந்தவர், அந்த ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு ஈஸ்ட் பெங்கால் போனார். நான்கு மாதத் தடை, 12.90 கோடி ரூபாய் இழப்பீடு என்று அந்தப் பிளேயர் ஸ்டேட்டஸ் கமிட்டி உத்தரவிட்டது. அது டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், உத்தரவு திரும்பப் பெறப்பட்டு, மறுபடி விசாரணைக்கு வந்தது. இந்தியாவின் முதல்தர டிஃபெண்டர் அவர், பின்னால் பெரிய கிளப் நின்றது. உங்களுக்குப் பின்னால் யார் நிற்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்ஸ்டாகிராமில் கொட்டுவது

வேண்டாம். ஸ்டோரி ஒரு நாளில் மறையும், ஸ்கிரீன்ஷாட் ஃபைலில் இருக்கும்.

வேண்டுமென்றே சுமாராக ஆடுவது

அடுத்த கிளப் அந்த வீடியோவைத்தான் பார்க்கும்.

நோ டியூஸ் தாள்

பிரியும்போது ஒரு தாளை நீட்டுவார்கள். "எனக்கு வர வேண்டிய பாக்கி எதுவும் இல்லை" என்று இருக்கும். கையெழுத்துப் போட்டால் ரிலீஸ், பணம் பின்னால் வரும் என்பார்கள். டிரான்ஸ்ஃபர் விண்டோ, அதாவது வீரர்கள் கிளப் மாற அனுமதிக்கும் காலம், மூட இரண்டு நாள் இருக்கும்போதுதான் இந்தத் தாள் பெரும்பாலும் வரும். நானும் அப்படித்தான் போட்டேன்.

விஜயவாடா தாண்டிய பையனை அன்றைக்கே ஓங்கோலில் இறங்கச் சொன்னேன். அழுதான், திட்டினான், இறங்கினான். பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, நாளைக் காலை பயிற்சிக்குத் திரும்பிவிடுகிறேன் என்று கிளப்புக்கு மெயில் அனுப்பினான். திரும்பிப் போய் மூன்றாம் நாள், சங்கத்தில் காட்டிவிட்டு சம்பள அறிவிப்பை அனுப்பினான். பதினோராவது நாள் ஒரு மாதச் சம்பளம் வந்தது. அது முழுப் பாக்கி இல்லை என்று அன்றே பதில் எழுதினான். பதினான்காவது நாள் அவர்களே பேசக் கூப்பிட்டார்கள். இரண்டு பக்கமும் சம்மதித்துப் பிரிவது என்று முடிவானது.

மேசை மேல் அந்தத் தாளை வைத்தபோது வெளியே வந்து எனக்குப் போன் செய்தான். பணம் ஏறட்டும், அதுவரை டீ குடி என்றேன். சாயங்காலம் நாலே முக்கால் வரை உட்கார்ந்திருந்தான். வங்கியில் இருந்து மெசேஜ் வந்தது. தொகையை ஒப்பந்தத்தோடு இரண்டு தடவை ஒத்துப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கேட்டான்.