வெப்மெயில் மாறும்போது வாடிக்கையாளருக்கு உதவுவது எப்படி?

இணைய இணைப்பு வாங்கினால் மின்னஞ்சல் முகவரியும் கூடவே கிடைத்த காலம் ஒன்று இருந்தது. அப்போது வாங்கிய முகவரியையே வங்கிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் மருத்துவமனைக்கும் கொடுத்துவிட்டு, இன்றுவரை விடாமல் வைத்திருப்பவர்கள் ஏராளம். முகவரி கொடுத்த நிறுவனங்களுக்கோ அஞ்சல் சேவை இப்போது வெறும் செலவுக் கணக்கு. அமெரிக்காவில் வெரைசான் 2017இல் தன் அஞ்சல் சேவையைக் கைவிட்டபோது, பழைய முகவரியே வேண்டும் என்றவர்களை ஏஓஎல் மெயிலுக்கு மாற்றியது. காக்ஸ் 2019 ஆகஸ்டில் புதிய முகவரிகள் கொடுப்பதை நிறுத்தி, ஏற்கெனவே இருந்தவற்றை 2024இல் யாஹூ மெயிலிடம் ஒப்படைத்தது. காம்காஸ்ட் 2025இல் அதே வழியில் இறங்கியது. நியூசிலாந்தின் ஸ்பார்க் மட்டும் எதிர்த்திசையில் நடந்து, யாஹூவிடம் இருந்த தன் எக்ஸ்ட்ரா மெயிலை 2017இல் உள்நாட்டு நிறுவனமான எஸ்எம்எக்ஸிடம் கொண்டுவந்தது. யாரிடமிருந்து யாருக்குப் போனாலும், உதவி மையத்தில் தொலைபேசியை எடுப்பவர் சந்திக்கும் சிக்கல்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், அவருக்காகவே இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன்.

அழைப்பவர் "என் மெயிலெல்லாம் போய்விட்டது" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். உடனே புதிய தளத்தின் பொத்தான்களை விளக்கத் தொடங்கிவிடக் கூடாது. "சார், நீங்கள் மெயிலை எதில் பார்ப்பீர்கள்? கூகுள் குரோம் மாதிரி ஒன்றைத் திறந்து தளத்துக்குள் போவீர்களா, போனில் உள்ள செயலியிலா, அல்லது கம்ப்யூட்டரில் அவுட்லுக் போன்ற ஒன்றிலா?" என்று முதலில் கேட்க வேண்டும். பதில் எது என்பதைப் பொறுத்து அடுத்த அரைமணி நேரம் செய்ய வேண்டிய வேலையே மாறிவிடும். இரண்டு மூன்று இடங்களில் பார்ப்பதாகச் சொன்னால், ஒவ்வொன்றையும் தாளில் குறித்துக்கொண்டு தனித்தனியாகவே சரிசெய்ய வேண்டும்.

உலாவியில், அதாவது வெப்மெயில் தளத்தில், மட்டும் பார்ப்பவருக்குப் பெரிய தொல்லை இல்லை. அவர் சேமித்து வைத்திருக்கும் பழைய புக்மார்க்கை நீக்கச் செய்து, புதிய முகவரியை அவர் கையாலேயே தட்டச்சு செய்யவைத்து, அதைப் புதிதாகச் சேமிக்கச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. மீதி பாதி, அவர் அன்றாடம் தொடும் நான்கைந்து இடங்கள் எங்கே மாறியிருக்கின்றன என்பதைக் காட்டுவது: புதிய அஞ்சல் எழுதுவது, இணைப்புக் கோப்பைச் சேர்ப்பது, முகவரிப் பட்டியல், ஸ்பாம், அச்சிடுவது. புதிய தளத்தின் சிறப்புகளை அப்போது அடுக்குவது வீண். பதற்றத்தில் இருப்பவர் காதில் அது விளம்பரமாகத்தான் விழும்.

கணினியில் அஞ்சல் செயலி வைத்திருப்பவரிடம்தான் நிதானம் தேவை. சர்வரிலிருந்து அஞ்சலைச் செயலிக்குக் கொண்டுவர இரண்டு முறைகள் உண்டு; அவரது கணக்கு அவற்றில் ஐமேப் (IMAP) வகையா, பாப் (POP) வகையா என்பதைச் செட்டிங்ஸில் பார்த்து உறுதி செய்துகொள்ளாமல் எதையும் தொடச் சொல்லக் கூடாது. ஐமேப் என்றால் அஞ்சல்கள் நிறுவனத்தின் சர்வரில் இருக்கும். கணினியில் இருப்பது அதன் பிரதி. பாப் என்றால், பல அமைப்புகளில் அஞ்சல் கணினிக்கு இறங்கியதும் சர்வரிலிருந்து அழிந்துவிடும்; அவருடைய பல ஆண்டு அஞ்சல்கள் அந்த ஒரே கணினியில் மட்டும்தான் இருக்கும். அத்தகையவர் புதிய வெப்மெயிலைத் திறந்து, அது காலியாக இருப்பதைக் கண்டு பதறி, "பழைய கணக்கை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுகிறேன்" என்று செயலியில் உள்ள கணக்கை நீக்கினால், சில செயலிகளில் கணினியில் இருந்த அஞ்சலும் அதோடு சேர்ந்து போய்விடும். ஆகவே பாப் வாடிக்கையாளருக்கு ஒரே விதிதான்: பழைய கணக்கை நீக்கக் கூடாது. முதலில் அஞ்சல் கோப்புகளின் நகல் ஒன்றை வேறொரு வட்டிலோ பென்டிரைவிலோ எடுத்து வைத்துவிட்டு, அதே கணக்கில் சர்வர் பெயரை மட்டும் மாற்ற வேண்டும்.

சர்வரிலேயே பிரதி வைத்திருக்கும்படி பாப் கணக்கை அமைத்திருப்பவருக்கு வேறொரு வேடிக்கை காத்திருக்கிறது. எந்த அஞ்சலை ஏற்கெனவே இறக்கிவிட்டோம் என்பதைச் செயலி, சர்வர் ஒவ்வொரு அஞ்சலுக்கும் கொடுக்கும் அடையாளக் குறியைக் கொண்டுதான் நினைவில் வைத்திருக்கிறது. புதிய சர்வர் அந்தக் குறிகளைப் புதிதாகக் கொடுத்தால், செயலி எல்லா அஞ்சலையும் புதியவை என்று எண்ணி மறுபடியும் இறக்கிவிடும். "ஒவ்வொரு மெயிலும் இரண்டிரண்டாக இருக்கிறது" என்ற புகாரின் காரணம் பெரும்பாலும் இதுவே. ஐமேப் கணக்கிலும் செயலி தன் பிரதியைத் தூக்கிப்போட்டுவிட்டு முழுவதையும் மறுபடி இறக்கக்கூடும் என்பதால், மொபைல் டேட்டாவில் இருப்பவரை முதலில் வைஃபைக்கு மாறச் சொல்வது நல்லது. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: பழைய அஞ்சல்கள் புதிய சர்வருக்கு முழுவதும் வந்து சேரும் முன்பே ஐமேப் செயலி அதனோடு இணைந்தால், காலியான சர்வரைப் பார்த்துத் தன்னிடம் உள்ளதையும் காலி செய்துவிடும். நிறுவனம் "மாற்றம் முடிந்தது" என்று உறுதி சொல்லும்வரை காத்திருக்கச் சொல்வதில் தவறே இல்லை.

செயலி சர்வரோடு இணையும் வாயிலைக் குறிக்கும் போர்ட் எண்களை எழுத்துப் பிசகாமல் சொல்ல வேண்டும். ஐமேப் 993, பாப் 995, அனுப்புவதற்கு 465 அல்லது 587. இவை எல்லாவற்றிலும் குறியாக்கம் (SSL/TLS) இயக்கப்பட்டிருக்க வேண்டும். அனுப்பும் சர்வருக்கும் பயனர் பெயர், கடவுச்சொல் கேட்கும் பெட்டியைத் தேர்ந்தெடுத்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். "வருகிறது, ஆனால் போகவில்லை" என்பவரிடம் முதலில் சோதிக்க வேண்டியது இதைத்தான். கடவுச்சொல் சரியாக இருந்தும் செயலி ஏற்கவில்லை என்றால், இருபடிச் சரிபார்ப்பு போட்டிருக்கும் கணக்குகளுக்குப் பல சேவைகள் கேட்கும், செயலிக்கென்றே தனியாக உருவாக்கும் கடவுச்சொல் தேவைப்படலாம். வீட்டிலோ சிறு கடையிலோ ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பும் பிரிண்டர் இருந்தால், அதற்குள்ளும் பழைய சர்வர் பெயர் பதிந்திருக்கும். இது யாருக்கும் நினைவுக்கு வராது. நாமாகக் கேட்க வேண்டும்.

மாற்றம் நடக்கும் நாளில் வந்த அஞ்சல் தொலைந்துவிடுமோ என்ற அச்சத்துக்கு உறுதியான பதில் உண்டு. பெறும் சர்வர் கிடைக்காவிட்டால் அனுப்பிய சர்வர் உடனே கைவிடாது. திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும். குறைந்தது 4, 5 நாட்களாவது முயல வேண்டும் என்பதே இணைய அஞ்சல் நெறிமுறையின் பரிந்துரை. ஆகவே அன்றைய அஞ்சல் தாமதமாக வரலாமே தவிர, அதனாலேயே காணாமல் போகாது.

அஞ்சல்கள் வந்துவிடும், ஆனால் வடிகட்டி விதிகள், தானியங்கிப் பதில், கையொப்பம், வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு ஆகியவை பெரும்பாலும் வந்து சேர்வதில்லை. முகவரிப் பட்டியலைப் பழைய தளம் திறந்திருக்கும்போதே கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அனுப்பிய அஞ்சல்களைக் காணோம் என்பவருக்கு, ஃபோல்டர் பட்டியலை முழுவதும் விரித்துப் பார்க்கச் சொன்னால் போதும். பழைய செயலி ஒரு பெயரிலும் புதிய தளம் வேறொரு பெயரிலும் அனுப்பிய அஞ்சல் ஃபோல்டரை வைத்திருப்பதால் இரண்டு ஃபோல்டர்கள் நிற்கும், பழையவை முதலாவதில் பத்திரமாக இருக்கும்.

இத்தனைக்கும் மேலான ஆபத்து மோசடி அஞ்சல். சேவை மாறப்போகிறது என்ற செய்தி பரவியதுமே, "உங்கள் கணக்கு முடக்கப்படும், இந்த இணைப்பில் கடவுச்சொல்லை உறுதிப்படுத்தவும்" என்ற அஞ்சல்கள் வரத் தொடங்கும். நிறுவனமே மாற்றத்தைப் பற்றி அஞ்சல் அனுப்பியிருப்பதால் போலி எது, உண்மை எது என்று பிரித்தறிவது வாடிக்கையாளருக்குக் கடினம். நிறுவனங்கள் தங்கள் அறிவிப்பில் லாகின் இணைப்பே வைக்காமல், முகவரியைத் தட்டச்சு செய்யச் சொல்வதுதான் முறை என்பது என் எண்ணம். உதவி மையத்தில் இருப்பவர் எந்த நிலையிலும் கடவுச்சொல்லைக் கேட்கக் கூடாது, வாடிக்கையாளர் தாமாகவே சொல்ல வந்தாலும், "வேண்டாம் அம்மா, அதை யாரிடமும் சொல்லாதீர்கள், என்னிடமும் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே போடுங்கள்" என்று தடுத்துவிட வேண்டும். இப்படி ஒருமுறை தடுக்கப்பட்டவர், நாளை நம் பெயரைச் சொல்லி வேறு யாராவது கேட்டால் சந்தேகப்படுவார்.

அழைப்பை முடிக்கும் முன் இரண்டு பக்கமும் சோதிக்க வேண்டும். வெளியிலுள்ள ஒரு முகவரிக்கு அவரை ஓர் அஞ்சல் அனுப்பச் சொல்லி, அதற்குப் பதில் வருகிறதா என்று அவர் வழக்கமாகப் பார்க்கும் ஒவ்வொரு கருவியிலும் பார்க்கச் செய்யுங்கள். முதல் சில வாரங்களுக்கு ஸ்பாம் ஃபோல்டரையும் தினமும் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். புதிய வடிகட்டிக்கு அவருடைய தொடர்புகள் இன்னும் பழகியிருக்காது.

இந்தத் தொல்லையே வேண்டாம், வேறு முகவரிக்குப் போய்விடுகிறேன் என்பவரைத் தடுக்கத் தேவையில்லை. ஆனால் பழைய முகவரி இயங்கும்போதே வங்கி, வரி, காப்பீடு ஆகிய கணக்குகளில் முகவரியை மாற்றிவிடச் சொல்ல வேண்டும். கடவுச்சொல் மீட்புக்கான அஞ்சல் அந்தப் பழைய பெட்டிக்குத்தான் வரும் என்பதால், பெட்டியை மூடியபிறகு அந்த மாற்றங்களைச் செய்வது பெரும்பாடு.