இரண்டு வீட்டுப் பிள்ளைகளோடு காட்டுக்கும் குளத்துக்கும் போகும்போது: நாங்கள் விட்ட பிழைகள், நீங்கள் தவிர்க்க வேண்டியவை

காட்டுப் பாலைமரத்துப் பழத்தின் பால் உதட்டில் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் கழுவினால் போகாது, தேங்காயெண்ணெய் பூசித் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இவர், என் இரண்டாவது கணவர், மாங்குளத்துக்குப் போய், வவுனியாவில் இருந்து வந்த தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தபோது, என் மகள்மார் இரண்டு பேரும் திண்ணையில் இருந்து உதட்டுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பதினொரு வயதுப் பிள்ளை ஒன்றும் கேட்கவில்லை. பையை உள்ளே வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டான். அவன் வவுனியாவில் தன் தாயிடம் நின்ற நேரம் பார்த்து நாங்கள் நான்கு பேரும் பழத்துக்குப் போயிருக்கிறோம் என்பது அவனுக்கு விளங்கிவிட்டது.

அடுத்த கிழமை உன்னையும் கூட்டிப் போகிறோம் என்று சொன்னோம். அடுத்த கிழமைக்குள் பழம் கொட்டி முடிந்துவிட்டது. பாலை எல்லா வருடமும் ஒரே மாதிரிக் காய்க்கிற மரமும் இல்லை.

நாங்கள் கலியாணம் செய்து இரண்டு வருடமாகிறது. என் மூத்த மகளுக்குப் பதின்மூன்று வயது, சின்னவளுக்கு எட்டு. அவர்களின் அப்பா சிறுநீரக நோயால் இறந்தவர். வவுனியா மாவட்டத்தில் எத்தனையோ கமக்காரரை வாட்டும், காரணம் இன்னும் முழுதாகத் தெரியாத அந்த நோய்தான். இவரின் மகனுக்குத் தாய் இருக்கிறா, அவன் மாதத்தில் இரண்டு சனி ஞாயிறு அங்கே போவான். இப்படி ஒன்றுசேர்ந்த குடும்பங்கள் இலங்கையின் வடக்கில், எங்கள் வன்னியில், நிறைய இருக்கின்றன. போரும் நோயும் பிரிவும் குலைத்த வீடுகளை ஆட்கள் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் பிழை அந்தப் பாலைப்பழ நாள்தான். பெரியவர்களுக்கு லீவு கிடைக்கிற நாளைப் பார்த்துத் திட்டம் போடுவோம், ஒரு பிள்ளை மற்ற வீட்டில் நிற்கும் நாள் அது என்பதை மறந்துவிடுவோம். சின்ன விஷயம் என்றால் பரவாயில்லை. வருடத்தில் ஒருமுறை வருவதை, பாலைப்பழத்தையோ குளம் நிரம்பி வான்பாய்வதையோ வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கலையோ, ஒரு பிள்ளையை விட்டுவிட்டுப் பார்க்கப் போகாதீர்கள். முடியாவிட்டால் அந்தப் பிள்ளையிடம் முன்கூட்டியே நேரே சொல்லுங்கள். ஒளித்துப் போய்விட்டு வந்ததுதான் எங்கள் மகனுக்கு நொந்தது.

பாலைப்பழத்துக்குப் போகிறவர்கள் இன்னொன்றும் மறக்கக்கூடாது. வைகாசி, ஆனியில் அதே பழத்தைத் தேடிக் கரடியும் வரும். விடியவும் பொழுதுபடவும் காட்டோரம் நிற்காதீர்கள். கொப்பை வெட்டிப் பழம் எடுக்கவும் வேண்டாம், விழுந்ததைப் பொறுக்கினாலே வயிறு நிறையும்.

அப்புறம், கூப்பிடும் முறை. வந்த முதல் கிழமையே அந்தப் பிள்ளையிடம் "என்னை அம்மா எண்டு கூப்பிடு" என்று சொன்னேன். அன்பாகத்தான் சொன்னேன். அதுவரை "அன்ரி" என்று வாய்நிறையக் கூப்பிட்டவன், அன்றிலிருந்து என்னை ஒன்றுமே சொல்லிக் கூப்பிடவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் முன்னால் வந்து நிற்பான், நான் திரும்பிப் பார்க்கும் வரை நிற்பான். தாய் உயிரோடு இருக்கிற பிள்ளையிடம் அந்தச் சொல்லைக் கேட்டது என் பிழை. என் மகள்மாரை இவர் அப்படி ஒன்றும் கேட்கவில்லை. சின்னவள் ஆறு மாதத்தில் தானாகவே "சித்தப்பா" என்றாள். மூத்தவள் இன்றைக்கும் "மாமா" என்றுதான் சொல்கிறாள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. ஒரு வருடம் கழித்து மகன் ஒருநாள் பட்டியடியில் இருந்து "சின்னம்மா, கண்டு கயிற்றை அறுத்திட்டுது" என்று கத்தினான். நான் கண்டுக்குட்டியைப் பிடிக்க ஓடினேன். அந்தச் சொல்லைப் பற்றி இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை.

இனி நான் மிகவும் வருந்துகிற பிழைக்கு வருகிறேன். எனக்கும் இவருக்கும் ஒரு ஒப்பந்தம் இருந்தது. என் பிள்ளைகளை நான் கண்டிப்பேன், உங்கள் பிள்ளையை நீங்கள் கண்டியுங்கள். வீட்டுக்குள் அது நல்ல ஒப்பந்தம்தான், முதல் ஒன்றிரண்டு வருடத்துக்கு அப்படி இருப்பதே நல்லது என்று இப்போதும் சொல்வேன். ஆனால் குளத்தடிக்கும் காட்டுக்கும் அது சரிவராது என்று நாங்கள் பேசி வைக்கவில்லை.

முத்தையன்கட்டுக் குளத்தில் சிறுபோக வயலுக்குத் தண்ணீர் திறந்திருந்த காலம். சின்னவளின் ஒரு செருப்பு தண்ணீரில் விழுந்து, வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் துருசுப் பக்கமாக மெல்ல நகர்ந்தது. அவள் அதை எட்டிப் பிடிக்கக் கல்லில் கல்லாக இறங்கினாள். நான் தூரத்தில் சாப்பாட்டுப் பெட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். இவர் அவளுக்குப் பத்தடி தூரத்தில் நின்றார். நின்றவர் அவளை அதட்டாமல் முதலில் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் பிள்ளையை அதட்டலாமா என்று கேட்கிற பார்வை அது. அதற்குள் மகன் "அடியே, ஏறு மேல!" என்று கத்திக்கொண்டு பாய்ந்து அவளின் சட்டையைப் பிடித்து இழுத்தான். சின்னவள் அழுதுகொண்டு என்னிடம் ஓடி வந்தாள். என்ன நடந்தது என்று தெரியாமல் நான் அவனைப் பார்த்து, "ஏன் அவளைப் பேசினனி?" என்று கேட்டுவிட்டேன்.

துருசு திறந்திருக்கும்போது மேல் தண்ணீர் அசையாமல் கிடப்பது போலத்தான் தெரியும். இழுவை அடியில் இருக்கும். நீந்தத் தெரிந்த பெரிய ஆளையே அது உள்ளே இழுத்துவிடும். அந்தப் பிள்ளை தன் தங்கையைக் காப்பாற்றிவிட்டு என்னிடம் பேச்சு வாங்கினான். அன்று இரவு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பெரியவர்கள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. கேளுங்கள்.

அதற்குப் பிறகு ஐந்து பேரும் ஒன்றாக இருந்து ஒரு சட்டம் போட்டோம். தண்ணீர், நெருப்பு, றோட்டு, காடு, இந்த நாலிலும் யாரும் யாரையும் அதட்டலாம், கேட்டவர் உடனே நிற்க வேண்டும். அதட்டியதற்கான காரணத்தை ஆபத்துக்கு வெளியே வந்த பிறகு கேட்கலாம். உங்கள் குடும்பத்திலும் முதல் பயணத்துக்கு முன்பே இதைப் பேசி வையுங்கள்.

இரண்டு வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரிந்ததும் இரண்டு விதம். என் மகள்மார் கண்ணிவெடி இருக்கும் இடத்தில் நடும் சிவப்புப் பலகையில் மண்டையோடு கண்டால் அந்த இடத்திலேயே நின்று, வந்த கால்தடத்திலேயே திரும்பி நடக்கப் பழகியவர்கள். மண்ணில் இரும்பு கிடந்தால் தொடமாட்டார்கள். மகன் ரவுனில் வளர்ந்தவன். ஒருமுறை பற்றைக்குள் துருப்பிடித்த குழாய்த் துண்டு ஒன்றை "இது என்ன?" என்று குனிந்து பார்த்தான். அது வெறும் தண்ணீர்க் குழாய்தான். ஆனால் அவனுக்கு நாங்கள் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது 2017 டிசம்பரில். 2028 வரை அகற்றும் வேலைக்குக் காலம் குறித்திருக்கிறார்கள். வன்னியில் பெரும்பகுதி துப்புரவாகிவிட்டது, ஆனாலும் மிச்சம் இருக்கிறது. "எல்லாருக்கும் தெரியும்தானே" என்று எதையும் விட்டுவிடாதீர்கள். சந்தேகமாக ஏதும் கண்டால் தொடாமல் 119க்கு அறிவியுங்கள். குளத்து முதலை, பொழுதுபட வரும் யானை, இவற்றையும் புதிதாக வந்த பிள்ளைக்கு முதல்நாளே சொல்லுங்கள்.

மற்ற வீட்டிடம் கேட்க வேண்டியதையும் கேட்டு வையுங்கள். மகனுக்கு இழுப்பு இருக்கிறது, புகை பட்டால் கூடும் என்பதை அவன் தாயிடம் நான் ஒருபோதும் கேட்டதில்லை. வெளியே கல்லடுப்பு மூட்டிய அன்றுதான் இழுப்புக்கு வாயில் அடிக்கும் பம்ப் வவுனியாவில் கிடக்கிறது என்று தெரிந்தது. இப்போது போனில் நானே அவவோடு கதைக்கிறேன், பயணப் பையில் ஒரு பம்ப் எப்போதும் இருக்கும். பாம்பு கடித்தால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், கடிபட்ட காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸுக்குக் காசு கட்டத் தேவையில்லை. வயல் சேற்றில் விளையாட விடுவதென்றால் காலில் புண் இல்லையா என்று பாருங்கள், எலிக்காய்ச்சல் வரும் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரையைப் பற்றிக் கேளுங்கள்.

சாப்பாட்டில் ஒரே ஒரு சொல். விரால் குழம்பில் நடுத்துண்டு யாரின் கோப்பைக்குப் போகிறது என்று மூன்று பிள்ளைகளும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். சட்டியை நடுவில் வைத்து அவர்களையே எடுக்க விடுங்கள்.

இறந்தவரின் இடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் மகள்மாரின் அப்பா குளக்கட்டில் ஒரு மருதமரத்தடியில் இருந்து தூண்டில் போடுவார். ஒன்றும் யோசிக்காமல் நான் எல்லோரையும் அங்கேயே கூட்டிப்போய்ப் பாய் விரித்தேன். மூத்தவள் சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை. எந்த இடம் அப்பாவின் இடம் என்று பிள்ளையிடம் முதலில் கேளுங்கள், அதை விட்டுவிட்டுப் புது இடம் தேடுங்கள். பெரிய வான் பிடித்து, சொந்தக்காரரையும் ஏற்றி, கடற்கரையில் படம் எடுத்தால் குடும்பம் ஒட்டிவிடும் என்று நினைக்க வேண்டாம். நாங்கள் ஒட்டியது கிழமைக்கு ஒரு பின்னேரம், கச்சான் சரையோடு குளக்கட்டில் நடந்த நடையில்தான். ஒருநாள் அந்த நடையில் மூத்தவள் தானாகவே மருதடிக்குத் திரும்பினாள். மண்புழுவை ஊசியில் எப்படிக் கொழுவ வேண்டும் என்று அப்பா சொல்லித் தந்ததை அவனுக்குக் காட்டினாள். நானும் இவரும் தள்ளி நின்றோம். அன்று இரண்டு ஜப்பான் மீன் பட்டது.

இந்த ஆனியில் பாலை நன்றாகக் காய்த்தது. பழம் விழத் தொடங்கிய கிழமை அவன் தாயிடம் போகவேண்டிய முறை. அவனே போன் எடுத்து, "அம்மா, பழம் முடிஞ்சிடும், அடுத்த கிழமை வாறன்" என்றான். தனக்கும் கொஞ்சம் கொண்டு வரச் சொன்னாவாம். மூன்று பேருமாகப் பொறுக்கியதில் நசியாத பழமாகத் தெரிந்து ஒரு சொப்பிங் பையில் போட்டு, எண்ணெய் கொஞ்சம் சின்னப் போத்தலில் விட்டு அதையும் பைக்குள் வைத்துக் கட்டினான்.