ஆறுமணிக்குருவியைப் படமெடுப்பது எப்படி? ஆப்பிரிக்கப் பிட்டாவுக்கும் இதுவே பயிற்சி

கறுப்புத் தலை, பச்சை முதுகு, இறக்கையில் நீலப் புள்ளிகள், குங்குமச் சிவப்பாய் அடிவயிறு. ஆப்பிரிக்கப் பிட்டாவின் படத்தைப் பார்த்தவர்களுக்கு அதை நேரில் காணும் ஆசை வராமல் இருக்காது. அதே பேரினத்தைச் சேர்ந்த ஆறுமணிக்குருவி (இந்தியப் பிட்டா) ஆண்டுதோறும் ராமநாதபுரம் கரைக்கே வருகிறது. இரண்டும் புதரடி இருட்டில், தரையில் இரை தேடுபவை. இங்கே பழகிய கை அங்கே தடுமாறாது.

ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரத்திலிருந்து மத்திய இந்தியா வரை மழைக்காலத்தில் கூடுகட்டி, அக்டோபர் வாக்கில் தெற்கே இறங்கும். மார்ச், ஏப்ரலில் திரும்பும். மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் தென்னந்தோப்பு, உடைமரக் கூட்டம், கோயில் நந்தவனம் எதுவானாலும், உதிர்ந்த இலை கனமாகக் கிடந்து அடிமண் ஈரமாக இருக்கும் இடமாகப் பாருங்கள். கூட்டிப் பெருக்கிய தோப்பில் மண்புழுவும் பூச்சியும் குறைவு. அங்கே தேடுவது வீண்.

விடியலிலும் அந்தியிலும் இரட்டை விசிலாகக் கூப்பிடும். முதல் நாள் கேமரா வேண்டாம். குரல் வரும் திசையையும், இலை புரட்டும் இடத்தையும் குறித்துக்கொண்டு வாருங்கள். மறுநாள் விடியலுக்கு அரைமணி முன்பே போய், 10 முதல் 12 மீட்டர் தள்ளி, மரத்தில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்காருங்கள். நின்று எடுத்தால் முதுகுப் பச்சை மட்டும் கிடைக்கும். சிவப்பு வயிறு தெரிய லென்ஸ் பறவையின் கண்மட்டத்துக்கு இறங்க வேண்டும். பின்தொடர்ந்து போகவே கூடாது. உட்கார்ந்திருப்பவரை நோக்கி அது தானாகவே தத்தி வரும்.

300 மில்லிமீட்டருக்குக் குறையாத லென்ஸ், லென்ஸ் துளை எஃப் 5.6, ஒளியுணர்திறன் (ஐஎஸ்ஓ) 1600 முதல் 3200. நிற்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/250 நொடி போதும். தத்தும்போது 1/800 வேண்டும். பெரும்பாலான படங்கள் கெடுவது இரண்டு காரணத்தால். சுற்றிலும் இருட்டாக இருப்பதால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிட, வெள்ளைத் தொண்டை வெளிறிப் போகும்: எக்ஸ்போஷரை 2/3 ஸ்டாப் குறையுங்கள். கறுப்புக் கண்பட்டைக்குள் கண் மறைந்துவிடும்: ஒற்றைப் புள்ளி ஃபோகஸைக் கண்மேலேயே வையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் வேண்டாம். நெடுந்தூரம் பறந்து இளைத்து வந்த பறவையின் இரைதேடும் நேரத்தைப் பறிப்பது அநியாயம்.

உப்புக்காற்று லென்ஸில் படியும். துணியால் உடனே தேய்த்தால் கீறல் விழும். முதலில் ஊதுபந்தால் மணலை ஊதிவிட்டு, பிறகு ஈரத்துணியால் ஒற்றியெடுங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டுவந்தால் அரைமணி நேரம் பையைத் திறக்காதீர்கள், ஆவி படிந்துவிடும்.

வலசையில் களைத்த பறவைகள் சில சமயம் வீட்டுக்குள் நுழையும், கண்ணாடியில் மோதும். அப்போது படமெடுக்க நிற்காமல், துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. தெளிந்ததும் பக்கத்துப் புதரோரம் விடுங்கள். தெளியாவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

எடுத்த படங்களை ஆப்பிரிக்கப் பிட்டா படங்களோடு வைத்துப் பாருங்கள். நம்முடையதன் உச்சந்தலை வெளிர்பழுப்பு, நடுவே ஒரு கறுப்புக் கோடு. அதன் தலை கறுப்பு, கண்ணுக்கு மேலே பழுப்புப் பட்டை. குட்டை வால், நீண்ட கால், நிமிர்ந்த நிற்பு இரண்டுக்கும் பொது. ஆப்பிரிக்கப் பறவையும் வலசை போவதுதான். ஆப்பிரிக்காவின் தெற்கே, ஸாம்பெசி ஆற்றுப் பள்ளத்தாக்குப் புதர்க்காடுகளில் நவம்பர், டிசம்பரில் முதல் மழை விழுந்ததும் கூடுகட்டும். ஆண் கிளையிலிருந்து சட்டென எம்பிக் குதித்துக் குரல் கொடுப்பது அப்போதுதான். படத்துக்குப் போக வேண்டிய காலமும் அதுவே. இனப்பெருக்கம் முடிந்து வடக்கே, கென்யக் கடலோரக் காடுகள் வரை போனபின் பெரும்பாலும் வாய் திறக்காது. அங்கே தேடுபவருக்கு இலை புரளும் சத்தம் ஒன்றுதான் துப்பு.