மூச்சை அடக்காமல் எடை தூக்குவது எப்படி: ரத்தக்குழாய்க்கு ஏற்ற பயிற்சி

பணகுடிப் பக்கம் வடலிவிளையில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். கல் முழங்காலைத் தாண்டும்போது தூக்குபவரின் கழுத்து நரம்பு புடைக்கும், முகம் சிவக்கும். மூச்சை அடக்கி முக்குவதால் வருவது அது. 1985-ல் வெளியான ஓர் ஆய்வில் தமனிக்குள் குழாய் செருகி அளந்தார்கள். இரு கால்களாலும் பெரும் எடையைத் தள்ளிய பயிற்சியாளர்களுக்கு ரத்த அழுத்தத்தின் சராசரி உச்சம் 320/250. நாற்பதைத் தாண்டியவரும் பிரஷர் மாத்திரை சாப்பிடுபவரும் அந்த வழிக்கே போக வேண்டாம்.

அதற்காக எடையே ஆகாது என்றில்லை. தசை இறுகும்போது உள்ளே ஓடும் குழாய்கள் நசுங்கும். தளர்ந்ததும், அடைத்த மடையைத் திறந்தாற்போல் ரத்தம் பாயும். அந்தப் பாய்ச்சல் உள்சுவரை உரசும்போது அங்குள்ள செல்கள் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடும், குழாய் விரியும். (இந்த வாயுவின் வேலையைக் கண்டறிந்ததற்குத்தான் 1998-ல் மருத்துவ நோபல்.) வாரக்கணக்கில் இது தொடர்ந்தால் குழாயின் விரியும் திறன் மேம்படும்.

வாரம் 2 அல்லது 3 நாள் போதும். இடையில் ஒருநாள் விடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், 5 லிட்டர் தண்ணீர் கேனை இடுப்புவரை இழுப்பது, குதிகாலை உயர்த்தி இறக்குவது. ஒவ்வொன்றும் 12 முதல் 15 தடவை, இரண்டு சுற்று, நடுவே ஒன்றரை நிமிட ஓய்வு. முடிக்கும்போது இன்னும் இரண்டு மூன்று தடவை செய்யத் தெம்பு மிச்சமிருக்க வேண்டும். இல்லையென்றால் கேனில் பாதித் தண்ணீரைக் கொட்டுங்கள்.

எடை மேலே போகும்போது மூச்சை விடுங்கள், இறங்கும்போது இழுங்கள். கவனம் தப்புகிறதா? மேலே தூக்கும்போது எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லுங்கள். "ஏழு" என்ற சொல் தொண்டையில் சிக்கினால் மூச்சை அடக்கிவிட்டீர்கள், எடையும் கூடுதல்.

தூக்கி முடித்த பிறகு 20 நிமிடம் நடங்கள், பாளையங்கோட்டைக்காரர்களுக்கு வ.உ.சி. மைதானம் இருக்கிறது. வரிசையை மாற்ற வேண்டாம். பெரும் எடை மட்டும் தூக்குபவர்களின் பெரிய தமனிகள் விறைப்பாவதைச் சில ஆய்வுகள் காட்டின. எடைக்குப் பிறகு மிதமாக ஓடியவர்களுக்கு அந்தக் கேடு வரவில்லை, முன்னால் ஓடியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. தூக்கியதும் அசையாமல் நிற்காதீர்கள். விரிந்த குழாய்களால் அழுத்தம் சட்டென்று இறங்கித் தலைசுற்றும், சித்திரை வெயிலில் இன்னும் மோசம். சுற்றினால் உடனே உட்காருங்கள்.

முக்கூடல், ஆலங்குளம் பக்கம் காலை மடக்கி மணிக்கணக்கில் பீடி சுற்றும் பெண்களுக்கு இது இன்னும் அவசியம். அசையாத காலில் ரத்த ஓட்டம் மந்தமாகும், குழாயின் விரியும் திறனும் அப்போதே குறையும். மணிக்கொரு முறை தட்டை இறக்கி வைத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி 20 தடவை குதிகாலை உயர்த்துங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது, கூலியும் குறையாது.

பயிற்சிக்கு முன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பிரஷர் பாருங்கள். மேல் எண் 180-க்கோ கீழ் எண் 110-க்கோ மேல் என்றால் அன்று எடை வேண்டாம், டாக்டரைப் பாருங்கள். பெருந்தமனி வீக்கமோ கண் விழித்திரையில் ரத்தக்கசிவோ இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. நெஞ்சு இறுகினாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ 108-ஐ அழையுங்கள்.