பாம்பர் கமாண்டில் பறந்தவரைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டில் பறந்தவர்கள் ஏறக்குறைய 1,25,000 பேர். அவர்களில் 55,573 பேர் உயிரிழந்தார்கள். அந்தப் பெயர்களில் ஒன்றைத் தேடத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் கடைசி இரவிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். எந்த ஸ்குவாட்ரன் (விமானப்படைப் பிரிவு), எந்த நகரத்தின்மேல், விமானம் எங்கே விழுந்தது? முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது.

ஸ்குவாட்ரனுக்கு வந்து சேருவதற்கு முன் அந்த மனிதர் ஒன்றரை, இரண்டு வருடம் பயிற்சியில் கழித்திருப்பார். கனடாவிலோ தென்னாப்பிரிக்காவிலோ பறக்கக் கற்றுக்கொண்டு, கப்பலில் பிரிட்டன் திரும்பி, ஓ.டி.யூ. எனப்படும் போர்ப் பயிற்சிப் பிரிவில் வெலிங்டன் விமானத்தில் இரவுப் பயிற்சி எடுத்திருப்பார். அதன் பிறகு நான்கு எஞ்சின் விமானத்துக்குப் பழக இன்னொரு பிரிவு. ஸ்குவாட்ரனில் சில வாரங்கள்கூட இல்லாதவர்கள் ஏராளம். அங்கே போய்ச் சேராதவர்களும் உண்டு. பயிற்சி விபத்துகளில் மட்டும் 5,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்திருக்கிறார்கள். அவர்களை ஸ்குவாட்ரன் பதிவேட்டில் தேடினால் கிடைக்கமாட்டார்கள். லண்டன் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஸ்குவாட்ரன் பதிவேடுகள் 'ஏர் 27' வரிசையில் உள்ளன. பயிற்சிப் பிரிவுகளுடையது 'ஏர் 29'. அங்கேயும் பயிற்சி பெற்றவர்களின் பெயர்ப்பட்டியலை எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் விபத்து நடந்தால்தான் பெயர் எழுதுவார்கள்.

'பயிற்சிப் பிரிவில் இருந்தார், அதனால் சண்டைக்குப் போகவில்லை' என்று முடிவுகட்டுவதும் தவறு. 1942 மே 30/31 இரவு ஜெர்மனியின் கொலோன் நகரத்தின் மேல் அனுப்பிய 1,047 விமானங்களில் 365 ஓ.டி.யூ.க்களிலிருந்து போனவை. பயிற்சியை முடிக்கும் தறுவாயில் பிரான்ஸின் மேல் துண்டுப்பிரசுரம் வீசப் போகும் பறப்புகளும் இருந்தன. அவற்றுக்கு 'நிக்கல்' என்று பெயர். ஒவ்வொரு பறப்பையும் அவரவர் எழுதிவைக்கும் லாக் புத்தகத்தில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு உலோகம் ஏதோ என்று தாண்டிப் போகாதீர்கள். அதேபோல 'கார்டனிங்' என்றால் கடலில் கண்ணிவெடி போடப் போனார்கள் என்று அர்த்தம்.

அடுத்தது, எனக்கு மிக முக்கியமாகப் படும் தவறு: ஒரே ஒருவரைத் தேடுவது. லாங்காஸ்டர் என்ற நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானத்தில் ஏழு பேர் சேர்ந்துதான் ஒரு குழு. விமானி, ஃபிளைட் எஞ்சினியர், வழி கணிக்கும் நேவிகேட்டர், குண்டைக் குறிபார்த்துப் போடும் பாம் எய்மர், வயர்லெஸ் ஆபரேட்டர், துப்பாக்கி இயக்கும் இரண்டு கன்னர்கள். இந்தக் குழுவை மேலதிகாரிகள் பட்டியல் போட்டு அமைத்ததாக நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அப்படி நடக்கவில்லை. ஓ.டி.யூ.வில் எல்லாரையும் ஒரு ஹாங்கருக்குள் விட்டு, 'நீங்களே சேர்ந்துகொள்ளுங்கள்' என்று சொல்லிவிடுவார்கள். முன்பின் தெரியாதவர்கள் முகத்தைப் பார்த்து, இரண்டு வார்த்தை பேசி, குழுவாக வெளியே வருவார்கள். ஃபிளைட் எஞ்சினியர் மட்டும் பெரும்பாலும் அப்போது இருக்கமாட்டார். நான்கு எஞ்சின் விமானத்துக்கு மாறும்போதுதான் வந்து சேருவார். ஆகவே மற்றவர்களோடு அவர் ஓ.டி.யூ.வில் இல்லையே, ஆவணம் தப்போ என்று குழம்ப வேண்டாம்.

குழுவாகத் தேடினால் பலன் உடனே தெரியும். உங்களவருடைய லாக் புத்தகம் தொலைந்திருக்கலாம். அவருடைய நேவிகேட்டரின் புத்தகம் யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் இருக்கும். இருவரும் பறந்தது அதே இரவுகளில்தான். ஆனால் முழுக்க அப்படியே என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. புது விமானியை முதலில் அனுபவமுள்ள வேறொரு குழுவோடு கூட்டிப்போய்க் காட்டுவார்கள். 'செகண்ட் டிக்கி' என்பார்கள். அதனால் விமானியின் கணக்கு மற்றவர்களைவிட ஒன்றிரண்டு கூடியிருக்கும்.

கணக்கு என்றதும் அந்த 30 நினைவுக்கு வருகிறது. ஒரு டூர், அதாவது ஒருவர் ஓய்வுக்கு அனுப்பப்படும்வரை பறக்க வேண்டிய ஒரு சுற்று, என்றால் 30 ஆபரேஷன் (தாக்குதல் பறப்பு) என்பது பொது விதிதான். ஆனால் 1944 வசந்தத்தில் பிரான்ஸ் இலக்குகள் பலவற்றை மூன்றில் ஒரு பங்காகத்தான் எண்ணினார்கள், சுலபமானவை என்று. மே 3/4 இரவு மையி-லெ-காம்ப் தாக்குதலில் 42 லாங்காஸ்டர்கள் திரும்பாமல் போன பிறகு அந்த விதி கைவிடப்பட்டது. 'பறந்தவர்களின் ஆயுள் இரண்டு வாரம்' என்பது போன்ற வரிகளையும் எடுத்து ஒட்டாதீர்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. 1943–44 குளிர்காலத்தில் பெர்லினுக்குப் போனவருக்கும் 1945 ஏப்ரலில் பறந்தவருக்கும் ஆபத்து ஒன்றல்ல.

விமானத்தைத் தேடும்போது அதன் பக்கவாட்டில் தீட்டியிருக்கும் அடையாள எழுத்தை நம்பி ஏமாறுகிறவர்கள் பலர். லண்டனில் ஆர்.ஏ.எஃப். (பிரிட்டிஷ் விமானப்படை) அருங்காட்சியகத்தில் நிற்கும் லாங்காஸ்டரின் சீரியல் எண் ஆர்5868. 83-ஆவது ஸ்குவாட்ரனில் இருந்தபோது அது 'கியூ'. 467-ஆவது ஸ்குவாட்ரனுக்குப் போனபின் 'எஸ்'. விமானம் ஒன்று, எழுத்து இரண்டு. எதிர்ப்பக்கமும் நடக்கும்: ஒரு 'எஸ்' திரும்பி வராவிட்டால் அடுத்து வரும் விமானத்துக்கு அதே எழுத்தைக் கொடுத்துவிடுவார்கள். எனவே சீரியல் எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள், எழுத்தை விட்டுவிடுங்கள்.

மனிதர்களின் பணி எண்ணில் சிக்கல் வேறு மாதிரி. சார்ஜன்டாக இருந்தவர் கமிஷன் பெற்று அதிகாரியானால் அவருடைய எண் மாறிவிடும். கனடாக்காரர்களில் 'ஆர்' என்று தொடங்கும் எண் 'ஜே' ஆகும். பழைய எண்ணைத் தட்டிப்பார்த்துவிட்டு 'பதிவே இல்லை' என்று கைவிட்டவர்கள் உண்டு.

ஸ்குவாட்ரன் பெயரை வைத்துப் பறந்தவர்களின் ஊரை முடிவு செய்வது நம்மவர்களை எளிதில் சறுக்கவைக்கும். 110-ஆவது ஸ்குவாட்ரனுக்கு ஹைதராபாத் என்ற பெயர், முதல் உலகப்போரில் நிஜாம் விமானங்களுக்குப் பணம் கொடுத்ததால் வந்தது. 97-ஆவதுக்கு 'ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ்' என்று பெயர்; பினாங்கும் சிங்கப்பூரும் அடங்கிய பழைய பிரிட்டிஷ் காலனி அது. அதைப் பார்த்துப் பினாங்குக்காரர்கள் நிறைந்த குழு என்று எழுதிவிட வேண்டாம். பணம் வந்த ஊர் வேறு, பறந்தவர்களின் ஊர் வேறு.

தேதியில் அவசரப்படாதீர்கள். இரவுத் தாக்குதல் இரண்டு தேதிகளில் விழும். 1944 மார்ச் 30/31 நியூரம்பெர்க் தாக்குதலில் 95 விமானங்கள் திரும்பி வரவில்லை. அதில் இறந்த ஒருவருக்குக் கல்லறையில் 30 என்றும், அதே குழுவிலிருந்த இன்னொருவருக்கு 31 என்றும் இருக்கலாம். இரண்டும் ஒரே பறப்புதான்.

கடைசியாக, லாக் புத்தகம். கையில் கிடைத்தால் நிதானமாகப் பாருங்கள். இரவுப் பறப்பு சிவப்பு மையில் இருக்கும். மாதக் கடைசியில் மணிக்கணக்கைக் கூட்டி, அதிகாரி கையெழுத்துப் போட்டிருப்பார். திரும்பி வராதவரின் புத்தகத்தில் கடைசி வரியை அவர் எழுதியிருக்க முடியாது. யாரோ ஒருவர், மறுநாளோ அடுத்த வாரமோ, ஸ்குவாட்ரன் அலுவலகத்தில் உட்கார்ந்து நிரப்பியிருப்பார். எழுத்தின் சாய்வு மாறும். விமான எண்ணில் ஓர் இலக்கம் தவறியிருக்கலாம். பறந்த நேரம் காலியாக இருக்கலாம். அந்த ஒரு வரியை மட்டும், ஸ்குவாட்ரன் பதிவேட்டில் ஒவ்வொரு பறப்பின் விவரமும் இருக்கும் 541 படிவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எழுதாதீர்கள்.