மலரில் பக்கம் சேர்ப்பது எப்படி? ஸ்கிரைபஸில் முதல் பாடம்

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் நாங்கள் தயாரிக்கும் பள்ளி ஆண்டு மலரில் முன்பகுதி தமிழ், பின்பகுதி மலையாளம். பக்கங்களை இங்கே வடிவமைத்துப் பொள்ளாச்சியில் அச்சுக்குக் கொடுக்கிறோம். வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு எழுத்துருவும் வண்ணமும் ஓரிரு நாளில் பிடிபட்டுவிடுகின்றன. பக்கம் சேர்க்கும்போதுதான் தடுமாறுகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஸ்கிரைபஸ், பக்கங்களை வடிவமைக்க உதவும் இலவச மென்பொருள். 2024இல் வந்த 1.6 பதிப்பையோ அதற்குப் பிந்தையதையோ நிறுவிக்கொள்ளுங்கள். பழைய 1.4 பதிப்பில் கொம்புகள் இடம் மாறி நிற்கும். எங்கள் ஊர்ப் பெயரின் முதல் எழுத்தே சிதைந்துவிடும்.

ஃபைல் மெனுவில் ‘நியூ’ கொடுத்து, எதிரெதிர்ப் பக்க அமைப்பையும் ஏ5 அளவையும் தேர்ந்தெடுங்கள். முதல் பக்கம் வலப்பக்கமாக இருக்கட்டும். பக்க எண்ணிக்கை 16. ஓர் ஏ4 தாளை மடித்தால் ஏ5 அளவில் 4 பக்கம் கிடைக்கிறது. ஆகவே நடுவில் பின் அடிக்கும் மலரின் பக்கங்கள் 4ஆல் வகுபட்டே ஆக வேண்டும்.

பக்கம் விட்டுப் பக்கம் போக, திரையின் அடியில் உள்ள அம்புக்குறிகள் போதும். அருகிலேயே பக்க எண்களின் பட்டியலும் இருக்கிறது. எனக்குப் பிடித்தது ‘விண்டோஸ்’ மெனுவில் உள்ள ‘அரேஞ்ச் பேஜஸ்’. எது இடப்பக்கம், எது வலப்பக்கம், எது எதோடு சேர்ந்து விரிகிறது என்பதெல்லாம் அதில் ஒரே பார்வையில் தெரியும். மலர் முடியும்வரை அதை மூடாதீர்கள்.

இனி, பக்கம் சேர்ப்பது. ‘பேஜ்’ மெனுவில் ‘இன்செர்ட்’ கொடுத்தால் ஒரு சிறிய பெட்டி திறக்கும். எத்தனை பக்கம், எந்தப் பக்கத்துக்கு முன்பா பின்பா, அல்லது கடைசியிலா என்று அதில் குறிக்க வேண்டும். ‘மூவ் ஆப்ஜெக்ட்ஸ் வித் தெயர் பேஜ்’ என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால்தான் படங்களும் எழுத்துகளும் தத்தம் பக்கத்தோடு நகரும்.

ஒருமுறை, அச்சுக்குக் கொடுக்கும் நாள் காலையில் நன்கொடையாளர் பட்டியல் வந்து சேர்ந்தது. 5ஆம் பக்கத்துக்குப் பின் ஒரே ஒரு பக்கத்தைச் சேர்த்தேன். நடுப்பக்கங்களான 8, 9 இரண்டிலும் விரிந்திருந்தது பிள்ளைகளின் குழுப்படம். 8ஆம் பக்கம் 9 ஆனதும் அது வலப்பக்கமாகிவிட்டது. படத்தின் வலப்பாதி தாளுக்கு வெளியே தொங்கியது. முன்வரிசைப் பிள்ளைகளில் பாதிப் பேரைக் காணவில்லை. அன்றைக்கு என் வயிறு கலங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

ஒற்றைப்படையாகச் சேர்த்தால் அதற்குப் பின்னால் உள்ள இடமும் வலமும் தலைகீழாகிவிடும். 4ஆல் வகுபட வேண்டும் என்பதால் நான்கு பக்கம் சேர்க்க வேண்டும். அந்த நான்கையும் 5க்குப் பின் ஒரே இடத்தில் சேர்த்தாலும் தொல்லைதான்: படம் 12, 13க்குப் போய்விடும். எதிரெதிர்ப் பக்கங்கள்தான், ஆனால் வெவ்வேறு தாள்கள். மடிப்பில் படம் பொருந்தாமல் போகலாம். எனவே நடுப்பக்கத்துக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு சேருங்கள். 5க்குப் பின் இரண்டு சேர்த்ததும் படம் 10, 11க்கு வரும். அடுத்த இரண்டையும் பின்னட்டையான 18ஆம் பக்கத்துக்கு முன்னால் சேருங்கள். அவசரத்தில் ‘அட் எண்ட்’ கொடுத்தால் பின்னட்டை உள்ளே போய்விடும்.

வேண்டாத பக்கத்தை நீக்க அதே மெனுவில் ‘டெலீட்’ இருக்கிறது. நீக்கிய பிறகு எழுத்துச் சட்டங்களின் வலது கீழ்மூலையைப் பாருங்கள்; பெருக்கல் குறி தெரிந்தால் கட்டுரையின் மிச்சம் இடமின்றி நிற்கிறது என்று பொருள்.

கடைசியாக, 5 வெற்றுத் தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து, பென்சிலால் 1 முதல் 20 வரை எண் இடுங்கள். நடுவில் விரியும் 10, 11 திரையிலும் குழுப்படத்தோடு அப்படியே நின்றால் பிடிஎஃப் எடுத்து அச்சகத்துக்கு அனுப்பலாம்.