குரூப் போட்டோவில் நாம் செய்யும் தவறுகள்

மலையோ அருவியோ கோட்டையோ, அதன் அடியில் போய் எல்லோரும் நின்றுகொள்கிறோம். பயணப் படங்களில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். கோட்டை முழுதாக வர வேண்டுமே என்று படம் எடுப்பவர் பின்னாலேயே போவார். கடைசியில் நம் ஆட்கள் எறும்பு அளவுக்குச் சுருங்கியிருப்பார்கள். கோட்டை தூரத்திலேயே இருக்கட்டும். ஆட்கள் கேமராவுக்குப் பத்தடி பக்கத்தில் வரட்டும். போனை இடுப்பு உயரத்துக்குத் தாழ்த்திப் பிடித்தால் முகங்களும் தெளிவாகத் தெரியும், பின்னால் கோட்டையின் உச்சியும் வெட்டுப்படாது.

எல்லோரும் அடங்கவில்லை என்றதும் போன் திரையில் 0.5-ஐ, அதாவது அதிக அகலம் காட்டும் லென்ஸை, தொட்டுவிடுவது அடுத்த தவறு. ஓரத்தில் நிற்பவரின் தலை பக்கவாட்டில் இழுபட்டு, தோள் பருத்துத் தெரியும். பாவம், அந்த ஒருவருக்கு மட்டும் படம் பிடிக்காமல் போய்விடும். 1-இலேயே வைத்துவிட்டு நாலடி பின்னால் போங்கள். இடம் இல்லையென்றால் சிலரை முன்னால் உட்கார வையுங்கள். அப்போது பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோட் வேண்டாம். பின்வரிசை முகங்கள் மங்கிப்போகலாம்.

சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும். முகத்தைத் திரையில் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டலாம். ஆனால் அஸ்தமன நேரத்தில் நான் அதைச் செய்யவே மாட்டேன். வானத்தைத் தொட்டு, ஆட்களை நிழலுருவமாகவே விட்டுவிடுவேன். அப்படி எடுக்கும்போது ஒட்டி நிற்கக் கூடாது. இருவருக்கிடையே வானம் தெரிய வேண்டும், இல்லையென்றால் எல்லோரும் சேர்ந்து ஒரே கறுப்புத் திட்டாகிவிடுவார்கள்.

குதிக்கும் படத்தில் "ஒன்று, இரண்டு, மூன்று" சொல்லி ஒரே ஒரு முறை அழுத்தினால் பாதிப் பேர் தரையில்தான் இருப்பார்கள். "இரண்டு" சொல்லும்போதே பர்ஸ்டில், அதாவது தொடர்ந்து பல படங்களாக, எடுக்கத் தொடங்குங்கள். போன் தரையை ஒட்டி இருந்தால் சின்னக் குதிப்பும் உயரமாகத் தெரியும்.

அப்புறம் லென்ஸ். பையிலிருந்து எடுத்ததும் ஒருமுறை துணியால் துடையுங்கள்.

எனக்கு மனசு கேட்காத தவறு ஒன்று உண்டு. எப்போதும் ஒரே ஆளே படம் எடுப்பது. எங்கள் வீட்டில் அது அக்கா. பல பயணங்களின் படங்களைப் புரட்டினால் அவளைக் காணவே முடியாது. இப்போதெல்லாம் போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து, 10 விநாடி டைமர் போட்டுவிடுகிறோம். அவள் ஓடி வந்து நிற்க நடுவில் ஓர் இடம் விட்டிருப்போம்.